எட்டாவது கட்டம்

எங்கள் பத்திரிகைக்கு வந்து சேர்ந்த மறுநாளே புதிய வடிவமைப்புத் தலைவருக்குப் பெயர் விழுந்துவிட்டது: கட்டம் சார். இந்த ஊரில் பிறந்தவர்தான். வெளியே போய்ப் பெரிய படிப்பு படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவருக்குப் பக்கம் தெரியாது, கோடுதான் தெரியும். திரையில் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு பத்தி, குறுக்கே வரிக்கு வரி ஒரு கோடு. எழுத்தோ படமோ, எதுவானாலும் அந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும். இதற்குப் பெயர் கிரிட். அவர் மேசையில் பேனாவும் கண்ணாடிக்கூடும்கூடக் கிரிட்டில்தான் இருக்கும். ஒரு நாள் தேநீர்க் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டேன். அதை நகர்த்தி வைத்த பிறகுதான் மனிதருக்குப் பேச்சே வந்தது.

நான் இரங்கல் பக்கம் போடுகிறவள். முன்பெல்லாம் அந்தப் பக்கம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். பெரிய படம், சின்னப் படம், மூன்று தலைமுறை உறவினர் பெயர்கள், எல்லாம் இடித்துக்கொண்டு கிடக்கும். கட்டம் சார் அத்தனையையும் துடைத்தெறிந்தார். இனி எட்டே கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு வரிப் பெயர், ஒரு வரி வயது, ஒரு வரி இடமும் நேரமும். எட்டாவது மட்டும் எப்போதும் காலி.

"அது எதுக்கு சார் காலியா?"

"பக்கம் மூச்சு விட வேண்டாமா?"

"செத்தவங்க பக்கம் சார். அதுல யாருமே மூச்சு விடல. பக்கத்துக்கு மட்டும் எதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற புரூஃபைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். நேராகப் பிடித்தால் எழுத்துகள் படிக்கக் கூப்பிடுமாம், பக்கத்தின் கனமும் வெளியும் கண்ணுக்குத் தெரியாமல் போகுமாம். "டிசைனர் படிக்கக் கூடாதும்மா, பார்க்கணும்" என்பார். பத்திரிகையைப் படிக்காமலே அதில் சம்பளம் வாங்கும் ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் நிறைய உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

இந்தச் சமயம் பார்த்து என் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹாரனில் 'பாம் பாம்' என்று ஒரு மெட்டு வாசிப்பார். அதைக் கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடி வருவார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் பாம்பாம். கரண்ட் பில்லில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, 'இது யாரு, வாடகைக்கு இருக்காரா?' என்று பக்கத்து வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார்.

சித்திக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எல்லாம் நான்தான். போன் செய்தாள்.

"நாளைக்கு மதியம் எடுக்கிறோம்டி. நாலு பேர் வரணும். ஊரையே சுமந்த மனுஷன், அவரைத் தூக்க ஆளில்லன்னு ஆயிடக் கூடாது. முழுப் பேரைப் போட்டா ஈ, காக்கா வராது. பாம்பாம்னு போடு."

"போடறேன் சித்தி" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு! போடுவதற்கு எனக்கு ஏது அதிகாரம்?

கட்டம் சாரிடம் போய் நின்றேன். "எங்க சித்தப்பாவைப் பட்டப்பேர்லதான் எல்லாருக்கும் தெரியும் சார். பேருக்குக் கீழ ஒரே ஒரு வரி."

"ஒரு வரி சேர்ந்தா வயசு இறங்கும். வயசு இறங்கினா இடம் இறங்கும். பக்கத்துக் கட்டத்தோட கோடு ஒத்துவராது. ஒரு வரிக்காக ஒரு பக்கத்தையே கொல்லச் சொல்றீங்களேம்மா!"

"என்ன பேருன்னாவது கேளுங்க சார்."

"எந்தப் பேரா இருந்தா என்ன, எல்லாம் ஒரே உயரம்தானே?"

வந்த ஆத்திரத்துக்கு அவருடைய கண்ணாடிக்கூட்டைக் கோணலாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

சித்தப்பாவை ஏழாவது கட்டத்தில் ஏற்றினேன். சிரிக்கிற முகம். கீழே யாருடையதோ போல ஒரு பெயர். பக்கத்தில் எட்டாவது கட்டம் சொகுசாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. போனால் வேலைதானே! அந்தக் கட்டத்தை அடைக்கிற எழுத்தில் ஒரே ஒரு சொல் போட்டேன்: பாம்பாம். கோட்டை விட்டு மயிரிழைகூட விலகாமல் உட்கார வைத்தேன்.

புரூஃபை நீட்டினேன். கட்டம் சார் வாங்கினார், தலைகீழாகத் திருப்பினார், ஸ்கேலை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூலையில ஒரு கனம் வெச்சிருக்கீங்களே, ஏழு முகத்தையும் அது ஒண்ணே தாங்குது. நான் சொல்லாமலே எப்படிம்மா தோணுச்சு?"

"ஏதோ தோணுச்சு சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் சித்தியின் தெருவுக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. டிரைவர்கள், கண்டக்டர்கள், அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் இப்போது தலை நரைத்தவர்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். தூக்குவதற்குத் தள்ளுமுள்ளு. "நாலு பேர்தானேடி கேட்டேன்" என்று சித்தி என் தோளில் விழுந்தாள். தெருமுனையில் நின்ற பஸ்களெல்லாம் அவர் மெட்டை அடித்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

சீட்டுக் கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். கட்டம் சாரோ அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார், தலைகீழாக. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களிடம், "எழுத்தை விடுங்க, கனத்தைப் பாருங்க" என்றாராம்.

அந்த வாரம் சித்தி என்னைப் பார்க்க வந்தாள். சட்டத்தைக் கண்டதும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஆணியிலிருந்து கழற்றி, நேராகத் திருப்பி, மேசைமேல் சாத்தி வைத்தாள்.

"அம்மா, அம்மா! அதைத் தலைகீழாத்தான் பார்க்கணும்!" கட்டம் சார் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, இது என் வீட்டுக்காரர். ஆயுசு பூரா நேரா உட்கார்ந்து பஸ் ஓட்டினவரு. செத்த பிறகு எதுக்குத் தலைகீழா தொங்கணும்?"

கட்டம் சார் பக்கத்தைப் பார்த்தார். முதல்முறையாக நேராக. உதடு மெல்ல அசைந்தது. பிறகு ஏழாவது கட்டத்தில் சிரிக்கிற முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்கேல் கீழே விழுந்தது.

"பாம்பாமா? நான் இவர் பஸ்லதாம்மா ஸ்கூலுக்குப் போனேன். ஓடி வர்றது தெரிஞ்சா எனக்காக நிறுத்தி வெப்பாரு..." சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எப்போ போனாரு? எனக்கு யாருமே சொல்லலையே!"

"பேப்பர்ல வந்துதே சார்" என்றேன். "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."