மேனேஜருக்குப் பிடிக்காதவள்

வீடு மாறும்போது மனிதர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலையே இல்லை. முணுமுணுத்துக்கொண்டாவது பின்னாலேயே வந்துவிடுவார்கள். பூனையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அதிலும் தையல்காரி வீட்டுப் பூனை இருக்கிறதே, அது ஒரு தனிப் பிறவி. ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாமல், எல்லா அறைக்குள்ளும் போய் எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துவிட்டு வரும். அதனால் அவள் கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்.

பழைய வீட்டில் இரண்டாவது மிஷின் போட இடமில்லை. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிய வீடாகக் கிடைத்தது. பூனையை எப்படிப் பழக்குவது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் தையல்காரி சாமான் கட்டவே ஆரம்பித்தாள். முதலில் ஒரே அறையில் வையுங்கள், அது படுத்த துணியைத் துவைத்துத் தொலைக்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள் என்றார் அவர். அவள் ஒரு சொல் தட்டவில்லை. மேனேஜர் முதலில் வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல வெளியே வந்து, மேஜைக் காலில் கன்னத்தைத் தேய்த்தது.

"அப்பாடா, கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே இது அவரு ஆபீசு" என்றார் கணவர்.

தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. வீட்டிலேயே தையல் கடை என்றால் ஆள் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருக்கும். கதவு எந்நேரமும் திறந்து மூடும். ஒரு நாள் யாரோ ரவிக்கை வாங்க வந்தபோது அவர் காலுக்கு நடுவில் புகுந்து மேனேஜர் கம்பி நீட்டிவிட்டது. தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால் பழைய வீட்டு மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது!

நடுவில் இருப்பது மெயின் ரோடு. லாரியும் பஸ்ஸும் ஓயாமல் போகும். மனிதர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

பழைய வீட்டில் இப்போது ஒரு நர்ஸ் குடியிருந்தாள். குழந்தைகள் வார்டில் வேலை, தனி ஆள். தையல்காரி அவளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு வாய் பால்கூட வெச்சிடாதீங்கம்மா. இங்க ஏதாவது கிடைக்கும்னு தெரிஞ்சா தினமும் ரோட்டைத் தாண்டும். என்னைக்காவது ஒரு நாள் அடிபட்டுச் செத்துடும்."

நர்ஸ் பூனையைத் தடவ நீட்டிய கையை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சரிக்கா. வைக்க மாட்டேன்."

ஆனாலும் மேனேஜர் போவதை நிறுத்தவில்லை. கடிகாரம் கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போவதுபோல் போனது. தையல்காரியும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவாள். சும்மா கூப்பிட்டால் அது மதிலைவிட்டு இறங்காது. அதனால் பொரித்த மீன் ஒரு துண்டை டப்பாவில் எடுத்துப் போவாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து ஊட்டி, "என் ராஜா, என் செல்லம், அம்மாவை இப்படி அலைய விடலாமா?" என்று கொஞ்சிக் குலாவி, துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வருவாள். ஊரெல்லாம் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லை.

ஒரு நாள் ரோட்டில் பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். மயிரிழையில் தப்பிய மேனேஜர் வாலைப் புசுபுசுவென்று விரித்துக்கொண்டு பழைய வீட்டுப் பக்கம் பாய்ந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த தையல்காரி அத்தனையையும் கண்ணால் பார்த்தாள். நேராக நர்ஸ் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள்.

"உண்மையைச் சொல்லு. நீ ஏதோ வைக்கிற. இல்லாட்டி அது ஏன் இங்கயே வருது? உனக்குக் கொஞ்ச ஒரு பூனை வேணும்னா என் பூனைதானா கிடைச்சுது?"

நர்ஸ் முகம் சிவந்துபோனது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"உட்காருங்கக்கா. நான் கதவைக்கூடத் திறக்கிறதில்ல. அது ஜன்னல்கிட்ட வந்து கத்துறப்ப ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இங்க அதுக்குச் சாப்பாடு போடுறது நீங்கதான்."

"நானா?"

"தினமும் வர்றீங்க. மடியில வெச்சு மீன் ஊட்டுறீங்க. கொஞ்சித் தூக்கிட்டுப் போறீங்க. அப்படி ஒரு கவனிப்பு கிடைச்சா நான்கூட தினம் ரோட்டைத் தாண்டி வருவேன்."

தையல்காரி கையிலிருந்த மீன் டப்பாவைப் பார்த்தாள். அட, எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! பூனைக்குப் பால் வைக்கக்கூடாது என்று அடுத்தவளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு, அதே வாசலில் தானே விருந்து வைத்திருக்கிறாள்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நானும் பூனை வளர்த்தவதான். போன வருஷம் செத்துப்போச்சு. நீங்க கொஞ்சுறதைப் பார்த்தா எனக்குச் சொல்ல வாய் வரல. தப்புதான்." அவள் மதிலைக் கைகாட்டினாள். "இனிமே நீங்க இங்க வராதீங்க. நான் பார்த்துக்கிறேன். அதுக்கு இந்த வீடு பிடிக்காமப் போகணும். அவ்வளவுதானே?"

"கம்பெடுத்து விரட்டிடாதம்மா..."

"விரட்டினா பயத்துல ரோட்டுலதான் பாயும். அதெல்லாம் செய்வேனா?"

சொன்னபடி செய்தாள். வெயில் விழும் மதில்மேல் தண்ணீரை ஊற்றி எப்போதும் ஈரமாகவே வைத்தாள். படிக்கட்டில் எலுமிச்சைத் தோலைப் போட்டாள். அந்த வாசனை மேனேஜருக்கு ஆகவே ஆகாது. அப்படியும் வந்து நின்றால் தடித்த துண்டைப் போட்டுப் பிடித்து, மூடி வைத்த கூடைக்குள் அடைத்து, ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து விடுவாள். வழி நெடுக ஒரு சொல் கிடையாது, ஒரு தடவல் கிடையாது. மீனும் மடியும் இனி தையல்காரியின் வீட்டில் மட்டும்தான். நர்ஸ் டியூட்டியில் இருக்கும் நேரம் கூடையைத் தூக்கும் பொறுப்பு கணவருடையது. அவர் வழியெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவார்.

"நம்மளால முடியாதுடி. இந்தப் பொண்ணோட மனசு இரும்பா, தங்கமான்னே தெரியல" என்றார்.

ஒரு தடவை மேனேஜர் நர்ஸின் கையை நன்றாகப் பிறாண்டிவிட்டது. தையல்காரி பதறிப்போய் மருந்து எடுக்க ஓடினாள்.

"நர்சுக்கே மருந்தா?" என்று நர்ஸ் சிரித்தாள். "வார்டுல என்னைத் தூரத்துல பார்த்தாலே பிள்ளைங்க அலறும். ஊசி போடுறவ நான்தானே. காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போறப்ப டாட்டா டாக்டருக்குத்தான். எனக்குப் பழகிப்போச்சுக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பூனை என்றால் உயிரை விடுகிறவள், அந்தப் பூனை தன்னை வெறுக்க வேண்டுமென்று இப்படிப் பாடுபடுகிறாளே! இவளைப்போல் ஒருத்தியைத் தையல்காரி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அன்று வீட்டு வாசலில் போய்க் கத்தியதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

மேனேஜர் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கதவு திறந்தே கிடந்தாலும் வாசற்படியில் உட்கார்ந்து தெருவைக் கண்காணித்துவிட்டு உள்ளே திரும்பிவிடும்.

வெகுநாள் கழித்து, யூனிஃபார்மைச் சின்னதாக்க வேண்டுமென்று நர்ஸ் கடைக்கு வந்தாள். வெட்டும் மேஜையில் யாருடைய துணியின் மேலோ கால் நீட்டிப் படுத்திருந்த மேனேஜர் அவளைப் பார்த்ததும் சிலிர்த்து, சீறி, மிஷினுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே போய்த் தட்டில் மீன் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா, உன் கையால குடு. இன்னும் எத்தனை காலத்துக்கு உன்னைப் பேய் மாதிரி பார்க்கும்? இன்னையோட சமாதானமாப் போங்க."

நர்ஸ் ஒரு மீன் துண்டை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தாள். மிஷினுக்கு அடியில் மூக்கு துடித்தது. ஒரு கால் முன்னே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் கையிலிருந்தே தின்றிருக்கும். அவள் எழுந்து துண்டைத் தட்டிலேயே போட்டாள்.

"வேணாம்க்கா. நான் நல்லவள்னு தெரிஞ்சா, நாளைக்கே என்னைத் தேடி ரோட்டைத் தாண்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு, அளவெடுக்க நிமிர்ந்து நின்றாள். தையல்காரி டேப்பை அவள் இடுப்பில் சுற்றினாள். எண் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் எடுத்தாள்.