ஏழாம் மேஜை

அந்த வாட்சைக் கீழே வைத்தால் நான் காலி.

லா ஷோ-த-ஃபோன் ஊரின் பழைய வாட்ச் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பொருள் கையில் இருக்கும்வரை அதற்கு விலை பேச, வைத்திருப்பவருக்கு மட்டுமே உரிமை. மேஜையில் வைத்த நொடியே அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த அடுத்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நுமா. பால்கட்டி வியாபாரம் செய்து ஓய்வுபெற்றவர். நான் எதைத் தேடுகிறேனோ அதையே தேடுகிறவர்.

"நல்லா இருக்கா, ஒதீல்?" என்றார். கேட்டது என்னை அல்ல, வாட்சை.

"சுமார்தான்," என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

கிளெர்வாஸ் என்ற பெயரை எங்கள் பள்ளத்தாக்குக்கு வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பேட்டரி வாட்ச் வந்ததும் மூடிய கம்பெனி. கடைசி வாரம், பிரிவுப் பரிசு கொடுக்க முதலாளியிடம் எதுவும் இல்லை. இழுப்பறைகளைத் திறந்துவிட்டு, மிச்சமிருப்பதில் ஆளுக்கொரு வாட்ச் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். பதினொரு தொழிலாளிகள். கிடைத்ததைக் கோத்தார்கள். ஆம்பிளை வாட்சின் டயல், பொம்பளை வாட்சின் முள். பின்மூடியின் உட்புறத்தில் அவரவர் மேஜை எண்ணைக் கீறிவைத்தார்கள்.

ஒன்பது வருடத்தில் பத்தைப் பிடித்துவிட்டேன். ஏழாம் மேஜை மட்டும் பாக்கி. வரும் ஞாயிறு எங்கள் ஊர் மண்டபத்தில் கண்காட்சி. பதினொன்றும் இல்லாவிட்டால் எனக்கு ஒதுக்கிய கண்ணாடிப் பெட்டி தபால்தலை சேகரிப்பவர்களுக்குப் போய்விடும் என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது.

இப்போது என் உள்ளங்கையில் கத்தரிப்பூ நிற டயல். கிளெர்வாஸ் பட்டியல் எதிலும் இல்லாத நிறம்.

ஆனால் ஒரு சிக்கல். மூன்று முட்களும் சுத்தமாக, ஒரே செட்டாக இருந்தன. என்னிடம் உள்ள பத்திலும் முட்கள் கலப்படம். அப்படியானால் இது யாரோ டயலுக்குச் சாயம் பூசிய போலியா? பதில் பின்மூடிக்குள் இருந்தது. அது திருகு மூடி.

நான் தபால் பஸ் ஓட்டுகிறவள். காலை ட்ரிப்பை முடித்து நேராக வந்ததில் கருவிப் பை பஸ்ஸிலேயே கிடந்தது. கடைக்காரி மதாம் துகொமனின் திறப்பானை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். நுமா கோட்டுப் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து மேலே தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்தார்.

"இதை வச்சு அழுத்தினா ஒரே திருகு. கீழ வை, திறந்து காட்டறேன்."

"வச்சா திருப்பித் தருவீங்களா?"

"தரேன்னா சொன்னேன்? காட்டறேன்னுதானே சொன்னேன்."

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். அப்போதுதான் கண்ணில் பட்டது, மதாமின் நாற்காலியில் சாய்ந்திருந்த கைத்தடி. அதன் நுனியில் கறுப்பு ரப்பர் குமிழ்.

"மதாம், தடியை என் பக்கம் நீட்டி இறுக்கிப் பிடிச்சுக்கங்க."

எழுபது வயது மதாம் துப்பாக்கி மாதிரி நீட்டினாள். வாட்சின் முதுகை ரப்பரில் வைத்து உடம்போடு சாய்ந்து திருகினேன். வழுக்கியது. மறுபடி திருகினேன். பனி உறைந்த வளைவுகளில் இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த மணிக்கட்டு இது. நுமாவின் பந்து காற்றில் ஏறுவதை நிறுத்திக்கொண்டது.

மூடி இளகியது.

உள்ளே, ஊசியால் கீறிய, கொஞ்சம் சாய்ந்த 7.

பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்தேன். மதாம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகுதான் முட்களைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் பெருமையில் மலர்ந்தது.

"மூணும் மூணு தினுசா இருந்துச்சும்மா. இப்படியே வித்தா சந்தையில சிரிப்பாங்கன்னு என் வீட்டுக்காரர் சரியான செட்டா மாத்திக் கொடுத்தார்."

வாட்சைச் சரிசெய்கிறேன் என்று அதன் அடையாளத்தையே கழற்றிவிட்டிருந்தார் அந்த நல்ல மனிதர்.

"பழைய முள்ளெல்லாம் எங்க?"

"காகிதத்துல மடிச்சு, சில்லறைச் சாமான் பையில போட்டேன். காலையில அஞ்சு பிராங்குக்குப் போயிடுச்சு."

"யாருக்கு?"

தடி உயர்ந்தது. என் தோளைத் தாண்டி நீண்டது.

தான் வாங்கிய பையில் அந்த முட்கள் இருப்பது நுமாவுக்கே தெரிந்திருக்கவில்லை. மெதுவாகக் கோட்டுக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பல்சக்கரங்களுக்கும் திருகாணிகளுக்கும் நடுவே ஒரு மடித்த காகிதம். பிரித்தார். தடித்த வெள்ளை மணி முள். தங்க இழை போல ஒரு பொம்பளை வாட்சின் நிமிட முள். ஆரஞ்சு நிறத்தில் விநாடி முள். கத்தரிப்பூ டயலுக்கு மேலே அவற்றை மனதில் பொருத்திப் பார்த்தேன். அவலட்சணம். அற்புதம்.

கை நீட்டினேன். நுமா விரல்களை மூடிக்கொண்டார்.

"கையில இருக்கு, ஒதீல்."

சட்டம் சட்டம்தான். இருக்கிறவர்தான் பேச வேண்டும். என் வாட்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், தன் முட்களைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"பெட்டி மேல பேர் அட்டை வைப்பே இல்ல? அதுல என் பேரும் வரணும். உன் பேருக்கு மேல," என்றார் கடைசியில்.

ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

"மேலயே போடறேன். ஆனா சின்ன எழுத்துல."

நுமா கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு விரல்களைத் திறந்தார்.