கழுத்துப் பட்டி நூல்

ஆல்டோ ஹோஸ்பிசியோவில் பழைய துணி பிரிக்கிற கொட்டகைகளில் கண்ணை நம்புகிறவர்கள் யாரும் இல்லை. கப்பலில் வந்து இறங்கும் மூட்டைகள் இக்கிக்கே துறைமுகத்திலிருந்து மலைச்சாலை ஏறி இந்தப் பாலைவன மேட்டுக்கு வந்து சேரும். எங்கேயோ குளிர்நாட்டுக்காரர்கள் உடுத்திச் சலித்த துணி. கம்பளி மாதிரி இருப்பது கம்பளியாக இருக்காது. பட்டு மாதிரி மினுங்கியது எதுவும் இதுவரை பட்டாக இருந்ததே இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் பறக்கும். கம்பளி என்றால் முடி பொசுங்குகிற நாற்றம். விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியெஸ்டர், நைலான், செயற்கைக் கம்பளி எல்லாம் ஒரே குடும்பம். தீயைக் கண்டதும் சுருண்டு உருகும், ஆறினால் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்பு மணி ஒன்று மிஞ்சும். அந்த மணியை நசுக்க யாராலும் ஆகாது.

மற்றவர்கள் அது ஆறும்வரை காத்திருப்பார்கள். எடுவினா காத்திருக்க மாட்டாள். சூட்டோடு சூடாக விரலில் பிடித்து நசுக்கிப் பார்த்து, "உருகுறது" என்றோ "பொசுங்குறது" என்றோ சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுப்பாள். அவளுடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதோ மரத்துப்போய்விட்டன.

"அக்கா, உன் விரல்ல கைநாட்டுக்கூட விழாது," என்பாள் பக்கத்தில் உட்காரும் மெலானியா. "எவனையாச்சும் கொன்னுட்டு வந்தாலும் போலீஸ்ல மாட்ட மாட்டே."

"யாரைக் கொல்றது?"

"நம்ம முதலாளி ஒருத்தன் சும்மாத்தானே இருக்கான்."

எடுவினா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அவள் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை. வேலை செய்வாள், சாயங்காலம் தேநீரும் ரொட்டியும் சாப்பிடுவாள், படுத்தால் தூங்குவாள். அழுது பார்த்தவர்கள் கிடையாது. மரத்துப்போனது விரல் மட்டும்தானா என்று மெலானியாவுக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அதை வைத்து அவள் கேலி செய்ததில்லை.

விற்காத துணியெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் மணலில் மலையாகக் கிடந்தது. கிடந்து மக்கட்டும் என்று சொல்லித்தான் முதலாளி முதல் வண்டியைக் கொட்டினான். இந்த ஊரில் மழை கிடையாது. உப்பு மண்ணில் மனிதனே மக்குவதில்லை, பாலியெஸ்டர் எங்கே மக்குவது? அன்றைக்குக் கொட்டிய சிவப்புச் சட்டை இன்றைக்கும் பித்தான் உட்பட அப்படியே இருந்தது. மேலாக வெயில் பட்ட பக்கம் மட்டும் சாயம் வெளுத்திருந்தது.

எடுவினாவின் புருஷன் நொல்பெர்ட்டோ துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், தொழிற்சங்கத்துக்காரன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், கடல்மூடுபனி இறங்கிய ஒரு காலையில், ஜீப்பில் வந்தவர்கள் அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவான் என்றார்கள். பதினெட்டு வருஷமாக அந்த மத்தியானம் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொலிவியாவில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது.

ராணுவ ஆட்சி முடிந்த மறுவருஷம், வடக்கே மணலில் ஆட்களைப் புதைத்த குழி ஒன்று தோண்டப்பட்டதாகக் கொட்டகை வானொலி சொன்னது. மெலானியா எழுந்து வானொலியை நிறுத்தினாள். எடுவினா கையிலிருந்த சட்டையைப் பருத்திக் குவியலில் போட்டாள். அது நைலான். மெலானியா அதை எடுத்துச் சரியான குவியலில் போட்டுவிட்டு, "நாளைக்கு நீ வராதே அக்கா. கீழே போய்ப் பார்த்துட்டு வா," என்றாள்.

எடுவினா பேருந்து ஏறி, மலையிறங்கி இக்கிக்கேக்குப் போனாள். ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் மேசைகள் போட்டு, குழியில் கிடைத்த துணிகளைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைகளில் வைத்திருந்தார்கள். எலும்புகள் வேறு அறையில் இருந்தன. எந்த எலும்போடு எந்தத் துணி ஒட்டியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். துணியை அடையாளம் சொன்னால் ஆளைக் கொடுப்பார்கள்.

நான்காவது மேசையில் அவள் நின்றாள். கையில்லாத பழுப்புப் பின்னல் சட்டை ஒன்றின் நெஞ்சுப் பகுதியும் கழுத்துப் பட்டியும். மற்றது இல்லை.

"இது என் தம்பியோடது," என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவி. வெள்ளைத் தலை, கறுப்புச் சால்வை, உயரமானவள். பெயர் சுனில்டா, மலைமேல் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் ஊர்க்காரி. "காலையிலேயே சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க."

"என் வீட்டுக்காரரோடதும் இதே மாதிரிதான்," என்றாள் எடுவினா.

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி எவாரிஸ்டோ நல்ல மனிதர், தூக்கம் கெட்டவர். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். "தலைநகரத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம்மா. நிச்சயமாத் தெரிஞ்சிடும். மூணு நாலு மாசம் ஆகும்."

சுனில்டா மூக்கால் சிரித்தாள். "மூணு மாசமா. எனக்கு எழுபத்தாறு வயசு சார். என்னை முதல்ல அனுப்பிடுவீங்க."

எடுவினா உறைக்கு மேல் விரலை வைத்துத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. அந்த விரலுக்கு எதுவும் தெரியாது. பிறகு சுனில்டாவைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க தம்பி சட்டைக்கு நூல் எங்கே வாங்கினது?"

"வாங்குறதா? எங்க பட்டி ஆடு. எங்கம்மா நூற்றது, எங்கம்மா பின்னினது. அடி முதல் நுனி வரை ஒரே ஆட்டு ரோமம்."

"கழுத்துப் பட்டியும்?"

"கழுத்துக்கு மட்டும் கடையிலயா போவா?"

எடுவினா இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. ரகசியம் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு அற்ப விஷயம். கல்யாணமான புதிதில் கடைகளில் சர்க்கரையும் கிடையாது, நூலும் கிடையாது. அல்பாக்கா என்கிற மலைவிலங்கின் ரோம நூல் ஐந்து கண்டு எப்படியோ வாங்கி, புருஷனுக்குச் சட்டை பின்ன ஆரம்பித்தாள். கழுத்துக்கு வரும்போது நூல் தீர்ந்துவிட்டது. தன் பள்ளிக்கூடக் காலத்துச் செயற்கைக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று அதே பழுப்பில் இருந்தது. அதைப் பிரித்துக் கழுத்துப் பட்டியை முடித்தாள். நொல்பெர்ட்டோவுக்குத் தெரியாது. அவன் துறைமுகம் முழுக்கக் கழுத்தை இழுத்துக் காட்டிக்கொண்டு அலைந்தான். "சுத்த அல்பாக்கா. என் பொண்டாட்டி கை. தொட்டுப் பாருடா, தொட்டுப் பாரு." சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போனது.

ஜீப் வந்த காலையில் வெறும் சட்டையோடு கிளம்பியவனை நிறுத்தி, "பனி இறங்குது, இதைப் போட்டுக்கோ," என்று அந்தப் பின்னல் சட்டையை மாட்டிவிட்டதும் அவள்தான்.

"சார்," என்றாள் எடுவினா. "இதுல ரெண்டு நூல் வேணும். நெஞ்சுல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. அரை விரல் நீளம் போதும். நான் துணி பிரிக்கிறவ. எரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்." பிறகு கழுத்துப் பட்டியின் கதையைச் சொன்னாள். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை.

எவாரிஸ்டோ யோசித்தார். "தலைநகரத்துக்கும் அனுப்பத்தான் செய்வேன்மா. அவங்க சொல்றதுதான் கணக்கு." ஆனாலும் அறையைத் தாழிட்டுவிட்டு, உறையைத் திறந்து, நகம் வெட்டும் கத்தரியால் இரண்டு இழைகளை வெட்டிக் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியும் கொடுத்தார்.

"பொசுங்கினா?" என்று சுனில்டா கேட்டாள்.

"ரெண்டும் பொசுங்கினா நீங்க சொன்னது சரி. கழுத்து உருகினா நான் சொன்னது."

சொல்லும்போதுதான் எடுவினாவுக்கே உறைத்தது. பொசுங்கினால் நொல்பெர்ட்டோ இன்னும் காணாமல் போனவன். உருகினால் செத்தவன். இரண்டில் எது வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். மூட்டை வந்திருக்கிறது, பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முதல் குச்சியில் நெஞ்சுப் பகுதி நூல். முடி பொசுங்கும் நாற்றம் அறையில் எழுந்தது. நசுக்கினாள். பொடி. சுனில்டா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது குச்சி முதலில் பற்றவில்லை. மறுபடி கிழித்தாள். கழுத்து நூலைக் கிட்டக் கொண்டுபோனாள். தீ தொடுவதற்கு முன்பே அது சுருண்டு பின்வாங்கியது. பிறகு பொக்கென்று பற்றி, கறுப்பாகப் புகைந்து, சொட்டாகத் திரண்டது. வழக்கம்போல எடுவினா அதை விரலில் பிடித்து நசுக்கினாள்.

நசுங்கவில்லை.

இன்னொரு தடவை நசுக்கினாள். வேலையில் இப்படி இரண்டாம் தடவை அவள் செய்ததே இல்லை.

"என்ன?" என்றாள் சுனில்டா. "என்ன சொல்லுது? எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நீ சொல்றதுதான்."

கிழவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொசுங்கியது என்று சொல்லியிருக்கலாம். கிழவி நம்பியிருப்பாள். எவாரிஸ்டோவுக்குமே தெரிந்திருக்காது. தலைநகரத்துக்காரர்கள் மறுத்துச் சொல்வதற்குள் நான்கு மாதம் போயிருக்கும், அந்த நான்கு மாதமாவது ஒரு கிழவிக்குத் தம்பி இருந்திருப்பான். எடுவினாவுக்கும் இன்னும் கொஞ்ச நாள் எதுவும் நடக்காமல் இருந்திருக்கும்.

"உருகுறது," என்றாள். குரல் கொட்டகையில் சொல்வது போலவே வந்தது. "என்னோடது."

எவாரிஸ்டோ தலையைக் குனிந்துகொண்டார். சுனில்டா எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த பழுப்புத் துண்டை வெகுநேரம் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். கையை நீட்டி, கழுத்துப் பட்டியின் மடிப்பு ஒன்றை நீவிச் சரிசெய்தாள். பிறகு எடுவினாவைப் பார்த்து, பொறாமையை மறைக்கக்கூடத் தோன்றாமல் சொன்னாள்.

"கொடுத்து வச்சவ நீ."

எடுவினாவுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். எவாரிஸ்டோ கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். மேட்டுக்குப் போகிற பேருந்தும், மலைக்குப் போகிற வண்டியும் கல்லறைத் தோட்டத்து வாசலில்தான் நிற்கும். இருவரும் அந்த வழியாகவே நடந்தார்கள்.

வாசலில் பூக்கடை. இந்த ஊர்க் காற்றில் நிஜப் பூ மத்தியானம் தாண்டாது. அதனால் கடை முழுக்கப் பிளாஸ்டிக். பாட்டிலை வெட்டிச் செய்த லில்லி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மடித்த கார்னேஷன், நைலான் ரோஜா. இத்தனை வருஷம் இந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எடுவினா எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறாள். வாங்கினால் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்றைக்குக் கடைக்கு முன்னால் நின்றாள். சிவப்புக் கார்னேஷனில் ஒரு கொத்து எடுத்தாள். எடுக்கும்போது கட்டைவிரலில் ஏதோ உறுத்தியது. அந்தக் கறுப்பு மணி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. சுத்த அல்பாக்கா, என்று நினைத்தாள். தொட்டுப் பாருடா. அவன் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே போய்விட்டான். தொண்டையில் ஏதோ சிரிப்பு மாதிரி கிளம்பி, பாதியிலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது. கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாசலில் கடை போட்டிருப்பவளுக்கு எப்போது திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது தெரியும்.

முகத்தைத் துடைத்துவிட்டு எடுவினா இன்னொரு கொத்தும் எடுத்தாள். வெள்ளை. சுனில்டாவிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் சுனில்டா. "நான் எங்கே வைக்கிறது?"

"வீட்டுல வையுங்க அக்கா. இது வாடாது. எத்தனை வருஷம் ஆனாலும் இப்படியே இருக்கும்."

சுனில்டா கையை நீட்டாமல் நின்றாள். மலைக்குப் போகிற வண்டி வந்து ஒலி எழுப்பியது.

"வெயில் மட்டும் படாமப் பார்த்துக்கோங்க," என்றாள் எடுவினா. "வெயில் பட்டா வீணாப் போயிடும்."

சுனில்டா வாங்கிக்கொண்டாள். வண்டி ஏறுவதற்கு முன்னால் கறுப்புச் சால்வையை விரித்து, கொத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.