மூச்சு எதில் நிற்கிறது

சீனித்தாய் கிண்ணத்தில் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது மண். முதலில் அவள் புருஷன் வீரபாகு பிறந்த உடன்குடி மண் வந்தது. அடுத்து அவருடைய பலசரக்குக் கடை வாசல் மண். இரண்டுக்கும் அவர் உயிர் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது வந்திருப்பது, துறைமுகச் சாலையோரம் அவர் முதன்முதலில் பெட்டிக்கடை போட்ட இடத்து மண். அங்கே நிலக்கரி லாரிகள் நிற்பதால் அது கன்னங்கரேலென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிர் ஏதோ ஓர் ஆசையில் நிற்கிறது, மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு வாயில் விட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது சண்முகக்கனியின் வைத்தியம். அவள் வீரபாகுவின் கூடப் பிறந்த அக்கா. நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இதுலயாவது கண்ண மூடுதானான்னு பாப்போம்" என்று தம்பியின் உதட்டைப் பிரித்து ஒரு சொட்டு விட்டாள்.

"ப்ச்" என்றார் வீரபாகு.

"பாத்தியா, பெருமூச்சு விடுதான்! ஆச அடங்கலியே!"

கால்மாட்டில் நின்ற மருமகள் ஜெயசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அது பெருமூச்சு இல்ல பெரியம்மா. மாமாவுக்கு அந்தத் தண்ணி பிடிக்கல. போதும், விட்டுருங்க."

பக்கவாதம் வந்து நாக்கை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து வீரபாகு மூச்சிலேதான் பேசினார். வந்து பார்த்துப் போகிறவர்களுக்கு எல்லாமே பெருமூச்சு. 'பாவம்' என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். கடையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த ஜெயசெல்விதான் அதையெல்லாம் பிரித்துப் படித்தாள். மூக்கால் ஒரு சின்ன "ஹூம்" வந்தால் சரி என்று அர்த்தம். "ம்க்கும்" என்றால், எதிரே நிற்பவன் புளுகுகிறான். வெயில் ஏறினால் "உஸ்ஸ்". மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். அவள் கொஞ்சம் அசந்துவிட்டால் ஒரு செருமல் வரும். சில நாள் சாயங்காலம், லாரி டிரைவர்கள் கடை முன்னால் வண்டியை ஓரங்கட்டும்போது, அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி நெஞ்சில் முட்டி உடைந்து உடைந்து வெளியே வரும். அது மகன் சிவப்பிரகாஷுக்கானது. அதற்கு மட்டும் அவள் யாருக்கும் அர்த்தம் சொன்னதில்லை. திரும்பி, மிட்டாய் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

சிவப்பிரகாஷ் ஓட்டிப்போன லாரி கவிழ்ந்து அவன் செத்தபோது, அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே விளாத்திகுளத்திலிருந்து அண்ணன் வேன் கொண்டுவந்துவிட்டான். அண்ணி வீட்டில் ஒண்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்று அவளும் துணிமணியை எடுத்துவைத்தாள். அப்போது வீரபாகுவுக்குப் பேச்சு இருந்தது. "போறதும் இருக்கிறதும் அவ இஷ்டம். இருந்தா எனக்கு மவ. காலையில கடையத் தொறக்கட்டும்" என்றார். மறுநாள் அவளைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, அவர் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. அந்த வீட்டில் நன்றி என்பதெல்லாம் மேடையில் மைக் பிடிப்பவர்கள் சொல்கிற சொல். இத்தனை காலமும் அது அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

சண்முகக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெயசெல்வியின் கையைப் பிடித்தாள்.

"ஏளா, தப்பா நெனைக்காத. மண்ணாச இல்லன்னா மனுச ஆசதான். தம்பி உசுரு உம்மேலதான் நிக்கு. வயசுப்புள்ளய இப்படி ஒத்தையில விட்டுட்டுப் போறமேன்னு தவிக்கான். 'நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன், நீங்க நிம்மதியாப் போங்க மாமா'ன்னு காதுல ஒரு வார்த்த சொல்லிரு. விட்டுருவான்."

சாகிறவர் காதில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க முடியாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சொன்னால் அவளுக்கு வீடு இல்லை. சொல்லாவிட்டால், ஒரு மனிதரைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறவள் ஆகிவிடுவாள். வீரபாகுவின் விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாமியாரைப் பார்த்தாள். சீனித்தாய் நிமிரவே இல்லை. கரைந்துபோன மண்ணை இன்னும் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெயசெல்வி குனிந்தாள். காலையில் அவளே போட்டுவிட்ட பவுடர் அவர் கழுத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"மாமா."

இழுப்பு ஒரு கணம் நின்றது. கேட்கிறார்.

"நான் எங்கயும் போகல மாமா. இங்கனதான் இருப்பேன். கடையத் தொறப்பேன். அத்தையப் பாத்துக்கிடுதேன். அன்னைக்கு நீங்க என்னய உக்கார வைக்கலைன்னா நான் என்னமா ஆயிருப்பேனோ... ஒரு நாளும் சொன்னதில்ல. இப்பச் சொல்லுதேன் மாமா. நல்லா வச்சிருந்தீய. ரொம்ப நல்லா வச்சிருந்தீய."

"ஏளா, காரியத்தக் கெடுத்திட்டியே!" என்றாள் சண்முகக்கனி.

வீரபாகு மூச்சை இழுத்தார். நெஞ்சு முழுக்க நிறைகிற மாதிரி இழுத்து, எங்கும் முட்டாமல், உடையாமல், மெதுவாக விட்டார். இப்படி ஒரு மூச்சை ஜெயசெல்வி அவரிடம் கேட்டதே இல்லை. அர்த்தம் பிடிபடவில்லை. அடுத்ததைக் கேட்டால் புரிந்துவிடும் என்று காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அடுத்தது வரவில்லை.

சண்முகக்கனி தம்பியின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். "தம்பீ..." என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு குரல் எழுந்தது.

"அப்பாடா!"

சீனித்தாய்தான். அழுகை அப்படியே நின்றது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னளா சீனி, புத்தி கெட்டுப்போச்சா? புருசன் போன வீட்டுல சொல்லுத பேச்சா இது?"

சீனித்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சேறு அப்பிய விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"அவரு போனதுக்கு இல்ல மதினி. இவ போயிருதேன்னு சொல்லிருவாளோன்னு அப்பப் பிடிச்ச மூச்சு. இப்பதான் விடுதேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் கேவல் வந்தது. அந்தக் கேவலோடேயே கட்டிலின் தலைமாட்டில் கொஞ்சம் நகர்ந்து, ஜெயசெல்வி உட்கார இடம் விட்டாள்.