தூணும் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றரும்

“ஆர் ஓட்டுறது? நீயோ?”

பக்கத்து மஜீட் வீட்டுத் தொலைபேசிக்குள் மெற்றில்டா கத்தியது மதிலுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அவளுடைய வீட்டு முன்னறையில், ஞாயிறு விடியச் செத்துப்போன அவள் புருஷன் ஒஸ்வால்டுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அவருக்கும் கேட்டுவிட்டதோ என்பதுபோல் முகத்தைப் பார்த்தார்கள்.

மகன் கிளமன்ற் இருந்தது அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், அலிஸ் ஸ்பிறிங்ஸில். அது எண்பத்தொன்பதாம் ஆண்டு; அங்கே உள்நாட்டு விமானிகள் வேலைநிறுத்தம். சிநேகிதனின் காரை வாங்கிக்கொண்டு அடிலெய்ட்டுக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் ஓடி, அங்கிருந்துதான் விமானம் பிடிக்க வேண்டுமாம். அடக்கம் வியாழன் மூன்று மணிக்கு. ஆறு மணிக்கு ஊரடங்கு, பிந்த முடியாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். தகப்பனின் முகத்தை மகன் பார்க்காமல் பெட்டியை மூட விடுவதில்லை என்று மெற்றில்டா தனக்குள் முடிவெடுத்திருந்தாள். ஆனால் அவனே கார் ஓட்டி வருவதென்றால்?

பதினொரு வருடங்களுக்கு முன், முதன்முதலாக அப்பாவின் மொறிஸ் மைனர் காரைப் பின்னால் எடுத்த அன்று கிளமன்ற் கேற்றுத் தூணில் மோதினான். தூணில் ஒரு மூலை பெயர்ந்தது.

“இனி உனக்குச் சைக்கிளும் தரமாட்டன்” என்றார் ஒஸ்வால்ட்.

சொன்னபடியே தரவில்லை. தூணைத் திருத்த மெற்றில்டா மேசனைக் கூட்டிவந்தால், இருக்கட்டும், அவன் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். மகன் வெளிநாடு போனான். காரையும் விற்றாயிற்று. தூண் மட்டும் அப்படியே நின்றது.

திங்கள் காலை மஜீட் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

“அக்கா, மவன்ட கோல் வந்தீக்கி. கூபர் பீடி எண்ட ஊராம்.”

அவள் ஓடிப்போய்க் கேட்டுவரும்வரை செத்தவீடே காத்திருந்தது. வெக்கைக்குப் பயந்து சனங்கள் நிலத்துக்குக் கீழே வீடு வெட்டிக் குடியிருக்கிற ஊராம் அது.

“உயிரோடயோ?” என்று கேட்டாள் ஒஸ்வால்டின் தங்கை புளோறன்ஸ்.

வழியில் நூறு கிலோமீற்றருக்கு ஒரு வீடும் இல்லையாம். சிவப்பு மண்ணும் கங்காருவும்தானாம். அதெல்லாம் சரி, எத்தனை செக் பொயின்ற் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லையாம் என்றாள் மெற்றில்டா. ஒருவரும் நம்பவில்லை.

“ஒருத்தரும் ஐடென்ரிற்றி கேக்கேல்லையோ? அது என்ன நாடு, மச்சாள்?” என்ற புளோறன்ஸ், வாசலில் புதிதாக யாரோ வரக் கண்டு மறுபடி அழத் தொடங்கினாள்.

செவ்வாய் போர்ட் ஒகஸ்ராவிலிருந்து அழைப்பு. எந்த ஊரிலிருந்து எடுத்தாலும் மெற்றில்டா முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

“எங்கையும் முட்டினியோ?”

“இல்லையம்மா.”

வியாழன் காலை ஏழு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிட்டதாகச் சொன்னான். அங்கிருந்து இருபது மைல்தான். பத்தாயிற்று. ஒன்றாயிற்று. இரண்டரைக்குப் பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார். மெற்றில்டா பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள்.

“மூடுறதெண்டால் என்ர கையோட மூடுங்கோ.”

பெட்டிக்காரர் மூடியைத் தூக்கியபடியே நின்றார். அவருக்குக் கை உளையத் தொடங்கிய நேரத்தில் வாசலில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. கிளமன்ற் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

“சப்பாத்தில சிவப்பு மண்ணம்மா. யாழ்ப்பாணத்து மண்ணெண்டு பிடிச்சு வச்சிட்டாங்கள். அஞ்சு செக் பொயின்ற்றில கழட்டிக் காட்டினன்.”

பெட்டியருகே போய் நின்றான். தகப்பனின் கோட்டுப் பொத்தானை ஒருதரம் தொட்டான்.

“காரில ஒரு கீறலும் இல்லை, அப்பா.”

பெட்டி ஏறியது. முற்றத்துக்குள் வந்திருந்த பிரேத வண்டியைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். சாரதி இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் தூணுக்குப் பயந்து நிறுத்தினான். மூன்று மணி தாண்டிவிட்டது. கிளமன்ற் கதவருகே போனான்.

“பஹின்ன, மல்லி” என்றான் சிங்களத்தில், இறங்கு தம்பி என்று. சாரதி இறங்க, அவன் ஏறி உட்கார்ந்தான்.

ஒருவரும் சொல்லாமலே கேற்றடியிலிருந்து சனம் விலகியது. மஜீட் தன் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார். புளோறன்ஸ் அழுகையை நிறுத்தினாள்.

மெற்றில்டா மட்டும் தூணோடு ஒட்டி நின்றாள். கறுத்த வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. பெயர்ந்த மூலைக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் கையை நீட்டி அளந்தாள். நாலு விரல்.

வண்டி தெருவில் ஏறித் திரும்பிய பிறகும் அவள் அந்த விரல்களை மடக்கவில்லை.