உள்பக்கத் தாழ்ப்பாள்

என் கணவர் தெயோத்திம் சோனியே குளிர்காலம் முழுக்கக் கரையில் கப்பல் கட்டுவார். பனி உருகியதும் அதே கப்பலில் சரக்கேற்றிக்கொண்டு கடலோர ஊர்களுக்கெல்லாம் வியாபாரத்துக்குப் போவார். விறகும் உப்புமீனும் உருளைக்கிழங்கும் போகும். மாவும் துணியும் வெல்லப்பாகும் வரும். எங்கள் ஊர் மெட்டேகன் கரையில் ஒரு நல்ல கப்பல் வந்து நின்றால், "தெயோத்திம் கைவேலையா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குப் பெருமைதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அவர் கட்டியதிலேயே பெரிய கப்பலுக்கு என் பெயரை வைத்தார், ஓஸித் என்று. என் அண்ணன் டாமாஸுக்கு வாய் சும்மா இருக்காது.

"பேரு ரொம்பப் பொருத்தம் மச்சான். பின்பக்கம் அதே அகலம்!"

அன்றைக்கு அவனுக்கு என் வீட்டில் சூப் கிடைக்கவில்லை. அதற்கும் அடங்காமல், மேல்தளத்துக்கு அடியில் இருந்த சரக்கறையின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

"என்ன மச்சான் இது? உள்ளேருந்து யாரு பூட்டப்போறா? உருளைக்கிழங்கா?"

ஊரே சிரித்தது. என் கணவர் பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார். காரணம் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் சிப்பாய்கள், பிரெஞ்சு பேசும் எங்கள் அகாடிய ஜனங்களைக் கப்பல்களில் ஏற்றி நாடு கடத்தியபோது அவருடைய தாத்தாவுக்கு ஐந்து வயது. "கீழே போங்க" என்று எல்லாரையும் சரக்கறைக்குள் தள்ளி, மேலிருந்து மூடிவிட்டார்கள். மறுபடி மூடியைத் திறப்பதற்குள் தாத்தாவின் கைக்குழந்தைத் தங்கை செத்துப்போயிருந்தாள். தன் கப்பலில் எந்த மனுஷனையும் வெளியிலிருந்து அடைக்க முடியக்கூடாது என்பது என் கணவரின் பிடிவாதம்.

டாமாஸின் மகள் ஃபிலோமெனுக்குக் கடல்வழியே போகவேண்டிய பப்னிக்கோ ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணக் கூட்டம் மொத்தமும் எங்கள் கப்பலில் ஏறியது. ஃபிடில் சத்தமும் சிரிப்புமாகக் கிளம்பினோம். நான், துருவிய உருளைக்கிழங்கில் கோழிக்கறி பொதித்துச் சுட்ட ராப்பிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபூர்ஷூ முனை தாண்டியதும் காற்று திரும்பியது. அலை மேல்தளத்தில் ஏறி அடித்தது. முதலில் ஃபிடில் போனது, அடுத்து என் ராப்பி. மூன்றாவதாக ஃபிலோமென் போயிருப்பாள். பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டேன்.

மேலே இருந்தால் ஒவ்வொருவராகப் போவோம், சரக்கறைக்குள் இறங்குவதுதான் வழி என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஆனாலும் யாரும் அசையவில்லை. சரக்கறையில் அடைபட்ட அந்தக் கதை எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

"நான் அந்தக் குழிக்குள்ள இறங்க மாட்டேன். செத்தா இங்கயே சாகிறேன்!" என்று டாமாஸ் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டான்.

என் கணவர் சுக்கானைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். "கீழே போங்க" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க! எங்கள யாரும் தள்ளல, நாங்களா போறோம்! நீங்க சுக்கானப் பாருங்க!" என்று கத்தினேன். பிறகு அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "உள்ளேருந்து யாரு பூட்டப்போறான்னு கேட்டியே, நீதான்! வா!"

நான் முதலில் இறங்கினேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக டாமாஸ் வந்து மூடியை இழுத்துத் தாழிட்டான். உள்ளே கும்மிருட்டு. ஃபிலோமென் ஜெபமாலை சொன்னாள். தலைக்கு மேலே கடல் இடித்தது; என் கணவர் கட்டிய பலகை ஒன்றுகூட நெகிழவில்லை. இருட்டில் தடவியபோது அண்ணன் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது தெரிந்தது. வழி முழுக்க அவன் அதை விடவில்லை.

ஆட்டம் நின்றது. மேலே காலடிச் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தாலே போதும். ஆனால் என் கணவர், தன் கையால் செய்த மூடியை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டினார்.

டாமாஸ் உடனே திறக்கவில்லை. இருட்டில் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"யாரது?" என்றான்.

"தெயோத்திம். ஊர் வந்தாச்சு மச்சான். திறக்கிறியா?"

அண்ணன் தாழ்ப்பாளை இழுத்தான்.