ஊருக்கே தெரியாத கிளாரன்ஸ்

ஹெரான் முனையில் ஆர்வில் சால்மன் மீனுக்குப் புகை போட ஆரம்பித்தால், பசிபிக் கடலில் போகிற கப்பல்கள்கூட ஒரு நிமிடம் நின்று மூக்கை நீட்டிவிட்டுத்தான் போகும். நெடுஞ்சாலை ஓரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அந்த ஊர்ப் பழங்குடி மக்களுக்குச் சட்டசபை, நீதிமன்றம், செய்தித்தாள் எல்லாமே அதுதான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஆர்வில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போன் அலறியது. கூடவே நாற்காலியில் சாய்ந்திருந்த நண்பன் டெல்பர்ட்டின் போனும் அலறியது. அந்தச் சத்தத்தில், முட்டையிட ஆற்றில் ஏறி வந்த மீன்களில் பாதி கடலுக்கே திரும்பியிருக்கும்.

"என்னவாம்?" என்றான் ஆர்வில்.

டெல்பர்ட் போனில் வந்த அவசர அறிவிப்பைக் கண்ணைச் சுருக்கிப் படித்தான். "பழங்குடி நபர் காணவில்லை. கிளாரன்ஸ் அகஸ்டின் வில்பர், வயசு அறுபத்திரண்டு. படம் பாக்க இங்க தொடவும்."

"கிளாரன்ஸா? நம்ம ஊர்ல அப்பிடி யாரு?"

"வில்பருன்னா இந்தக் கரையில கல்லெறிஞ்சா நாலு பேரு மேல விழும். வேற ஊர்க்காரனா இருப்பான்."

ஆர்விலின் கை முழுக்க மீன் நெய். படத்தைத் திறக்கவேண்டுமானால் கை கழுவவேண்டும். தண்ணீர்த் தொட்டியோ பத்தடி தூரத்தில் இருந்தது. அந்த மாதத்தில் இது மூன்றாவது அலறல் வேறு. "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று ஒரு பெருமூச்சு விட்டான். புறங்கையால் போனை ஒரு தள்ளு தள்ளினான். செய்தி மறைந்தது, கடமையும் முடிந்தது.

நண்பகலில் வெர்னாவின் வண்டி வந்து நின்றது. பள்ளிக்கூடச் சமையற்காரி. அவள் சாதாரணமாகப் பேசினாலே எதிர்க்கரையில் நாய் குரைக்கும். அன்று குரலே எழும்பவில்லை.

"ஆர்வில், எங்கண்ணன் பக்கெட்டப் பாத்தியா?"

பக்கெட் நாலு வயதில் தலையை ஒரு வாளிக்குள் விட்டுக்கொண்டான். பாதி ஊர் வாளியை இழுக்க, மீதி ஊர் காலை இழுக்க, ஒருவழியாகப் பிள்ளை வெளியே வந்தான். வாளி போய்விட்டது, பெயர் மட்டும் ஐம்பத்தெட்டு வருடமாகக் கழலவில்லை. வாத்தியாருக்கும் பாதிரியாருக்கும் அவன் பக்கெட்தான்.

"காலையில ஒம்பது மணிக்கு இங்கதாங்கா இருந்தாரு. மீன் டப்பா ஃபேக்டரில ஷிப்டுக்கு நேரமாச்சுன்னாரு. அது மூடி முப்பது வருஷம் ஆச்சே! நானும், 'ஓடுண்ணே, மேஸ்திரி உன்னையும் டப்பாவுல அடைச்சிருவாரு'ன்னேன். சிரிக்காமக் கொள்ளாம வேகமாப் போனாரு. மனுசன் என்னமா நடிக்கிறாருன்னு நெனச்சேன்."

ஹெரான் முனையின் வழக்கம் அப்படி. ஒருவன் கதை விட்டால் மறுப்பது மரியாதை இல்லை. அதைவிடப் பெரிய கதையாக விடவேண்டும். ஆர்வில் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

வெர்னா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவன் நடிக்கலடா. இந்தக் குளிர்காலத்துலேருந்து அவனுக்கு நெனப்பு தடுமாறுது."

"எங்ககிட்ட ஏன்கா சொல்லல?"

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? கேலி பண்ணியே அவனக் கொன்னுருப்பீங்க. அது போகட்டும், போன் அலறிச்சே, பாக்கலியா?"

"அது யாரோ கிளாரன்ஸுன்னு..."

"பக்கெட்டுக்கு எங்கம்மா வச்ச பேருடா அது!"

விடியும்போதே அண்ணனைக் காணாததால், ஏழு மணிக்கே அவள் நகரத்தில் இருந்த போலீஸ் ஷெரிப் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். "வயசான ஆளுதானே, எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பாரு, நாளைக்கு வாங்க" என்றார் அதிகாரி. மூன்று மணி நேரம் நகராமல் நின்று அந்த அறிவிப்பை வாங்கினாள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரைத்தான் எழுதவேண்டும் என்றார்கள். எழுத்துப்பிழை இல்லாமல் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாத பெயரை!

"ஒரு மணிக்கு ஃபேக்டரி மேடை வரைக்கும் கடல் ஏறிரும்" என்று டெல்பர்ட் மெதுவாகச் சொன்னான்.

அடுப்பு எரிகிறதா, மீன் கருகுகிறதா என்று ஆர்வில் திரும்பிப் பார்க்காதது அவன் வாழ்நாளில் அன்றுதான். மூவரும் வண்டியில் ஏறி முகத்துவாரத்துக்குப் பறந்தார்கள். பழைய ஃபேக்டரியின் மரமேடை பாதிக்கு மேல் இற்று விழுந்திருந்தது. அதன் கடைக்கோடியில் பக்கெட் உட்கார்ந்திருந்தான். தொங்கவிட்ட காலில் முழங்கால்வரை தண்ணீர். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"வாடா ஆர்வில்! கதவே தொறக்கல பாரு. இவ்வளவு நேரமா என்னதான் பண்றானுங்க?"

ஆர்விலின் வாயில் ஒரு பெரிய கதை வந்து நின்றது. விழுங்கினான். மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தன் இடுப்பு நனையும்வரை தண்ணீரில் இறங்கிப் போய்க் கையை நீட்டினான்.

"இன்னிக்கு வேல இல்லண்ணே. வீட்டுக்குப் போலாம்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பக்கெட் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. அவர்கள் கரை ஏறிய சற்று நேரத்தில், அவன் உட்கார்ந்திருந்த பலகை தண்ணீருக்குள் போனது.

வண்டியில் அண்ணனுக்குப் போர்வை சுற்றியபடி வெர்னா சொன்னாள்: "நம்ம சனம் காணாமப்போனா ஒருத்தரும் தேடுறதில்லன்னு இத்தன வருஷம் கத்திக் கத்தி இந்த அலாரத்த வாங்கினோம். அது அலறும்போது நாமளே பாக்கலன்னா, வேற எவன்டா பாப்பான்?"

ஆர்வில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, டெல்பர்ட்டின் போனை வாங்கி அந்தப் படத்தைத் திறந்து பார்த்தான்.

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு வெர்னாவோடு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனான். ஊரில் கூப்பிடும் பெயரையும் அறிவிப்பில் போடவேண்டும் என்று கேட்டான். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றார் அதிகாரி.

"இடம் இல்லன்னா உண்டாக்குங்க சார். வயசான ஆளுதானேன்னு நாளைக்கு வரச் சொல்லாம, அன்னிக்கே அலாரம் அடிக்கிறது உங்க வேல. காணாமப்போனது யாருன்னு எங்களுக்குப் புரியணும். புரிஞ்சுதுன்னா மொத்த ஊரும் ஓடும். நெனப்பு தப்புற மனுசன் வீட்டுல இருந்தா, வெக்கப்படாம அக்கம்பக்கத்துல சொல்லி வைக்கிறது குடும்பத்து வேல." அவன் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான். "இன்னொன்னையும் எழுதிக்குங்க. கை கழுவச் சோம்பல்பட்டு, படத்தத் தொறந்து பாக்காம ஒரு உயிரத் தண்ணிக்கு அனுப்ப இருந்தவன் நான்தான். என் பேரும் விலாசமும் சொல்றேன்."